உறைந்த கண்மாயில் முதல் கால்

குருந்தேந்தல் கண்மாய் உறைந்தது ஒரு சித்திரை மாதத்து வெள்ளிக்கிழமை, மீன்பிடித் திருவிழா அன்று, சுற்றுவட்டாரச் சனமெல்லாம் ஊத்தாவும் கையுமாகக் கரை நெடுக நின்று, வெயிலில் பிடரி காய, துண்டு எப்போது வீசுவார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில். முதலில் தவளைச் சத்தம் நின்றது, பிறகு காற்று நின்றது, பிறகு மடைப்பக்கம் ஒரு வெண்மை தோன்றி, காய்ச்சிய பாலில் ஆடை படர்வதுபோல் மெல்லப் படர்ந்து, அல்லிக்கொடிகளை அப்படி அப்படியே பிடித்து நிறுத்திக்கொண்டு, நாங்கள் கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அக்கரையைத் தொட்டு இறுகிப்போனது. யாரும் அலறவில்லை. "உங்க ஊர்ல இப்படித்தான் ஆகுமா?" என்று வெளியூர் ஆள் ஒருவர் கேட்டதற்கு, "நல்ல மழை பேஞ்ச வருஷம் ஆகும்" என்று எங்கள் ஊர்க்காரர் விட்டுக்கொடுக்காமல் பதில் சொன்னார். வெள்ளாடு ஒன்று தண்ணீர் குடிக்கக் குனிந்து, நாக்கு ஒட்டிக்கொண்டு, பிடுங்கிக்கொண்டு ஓடியது. அவ்வளவுதான் அதிசயத்தின் கதை. அதை ஊர் என்ன செய்தது என்பதுதான் நான் சொல்ல வந்தது.

ஊத்தா என்றால் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: மேலே குறுகி, கீழே அகன்று, அடிப்பகுதி இல்லாமல் பின்னிய கூடை, கீழ்வாயில் இரும்பு வளையம். கலங்கிய தண்ணீரில் அதைக் குத்தி நிறுத்தி, மேல்வாய் வழியாகக் கையை விட்டுத் துழாவி, உள்ளே மாட்டிய மீனைப் பிடித்து எடுப்பார்கள். அறுவடை முடிந்து கண்மாய் வற்றுகிற காலத்தில், வருஷத்துக்கு ஒருநாள், ஊர் கூடி இப்படிப் பிடிக்கும். பிடித்ததை விற்கக் கூடாது, ஆக்கித்தான் தின்ன வேண்டும், கட்டிக்கொடுத்த பெண்பிள்ளைகளுக்குக் கொடுத்தனுப்ப வேண்டும் என்பது வழக்கம். நல்ல வழக்கம். ஆனால் நல்ல வழக்கத்தின் வயிற்றுக்குள் ஒரு கெட்ட வழக்கம் குடியிருந்தது. ஊர்த்தலைமை வகிக்கும் அம்பலம் வீட்டார் மேலத்துறை வழியாக இறங்கி முதல் கால் வைக்க வேண்டும்; முதல் கால் வைத்தவருக்குத்தான் மடைமுகம், அதாவது மடைக்கு முன்னால் இருக்கும் பள்ளம், விரால்கள் கடைசியாக ஒதுங்கும் இடம்; அங்கே நின்று அவர் வெள்ளைத் துண்டை வீசினால்தான் மற்றவர்கள் இறங்கலாம். முதலில் மேலத்தெரு, அடுத்து வெளியூர்ச் சனம், எல்லாரும் மிதித்து உழப்பித் தண்ணீர் கூழான பிறகு, கடைக்கோடி வழியாகக் காலனி. வெளியூர்க்காரனுக்கும் பின்னால் உள்ளூர்க்காரன்! இதைக் கண்டித்து நான் எழுதி அச்சடித்துக் கொடுத்த துண்டறிக்கைகளில்தான் எங்கள் ஊர் டீக்கடையில் முப்பது வருஷம் வடை மடித்துக் கொடுத்தார்கள். "நோட்டீஸ்காரர் வாரார், வடைக்குப் பேப்பர் வந்துருச்சு" என்பது எங்கள் ஊர் நகைச்சுவை.

காலனியைச் சேர்ந்த அருளப்பன் ஒரு திருவிழாவில், துண்டு விழுவதற்கு முன்னால், மேலத்துறைப் படியில் இறங்கினான். ஊத்தாவின் இரும்பு வளையத்தாலேயே அவன் கணுக்காலை உடைத்தார்கள். விசாரிக்க வந்தவர்கள், படியில் வழுக்கி விழுந்தான் என்று எழுதிக்கொண்டு, மீன்குழம்பும் சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். அன்றிலிருந்து அவன் தடியூன்றி நடக்கிறான். அவன் தங்கை சவரியம்மாள், செங்கல் சூளையில் கல் சுமக்கிறவள், அன்றிலிருந்து ஒவ்வொரு திருவிழாவுக்கும் வருவாள், கரையில் நிற்பாள், கடைசிவரை இறங்க மாட்டாள், வெறுங்கையோடு திரும்பிப் போவாள். "எறங்குனா மேலத்துறையில எறங்குவேன், இல்லாட்டி எனக்கு இந்தக் கண்மா மீனு வேணாம்" என்பாள். ஊரெல்லாம் மீன்குழம்பு கொதிக்கும் அந்த நாளில் அவள் வீட்டில் மட்டும் ரசம்.

இப்போது கண்மாய் உறைந்து கிடந்தது. பூசாரி, அய்யனாருக்குக் கோபம் என்றார். பள்ளிக்கூட வாத்தியார் ஒருவர், அழுத்தம் என்றார், எதன் அழுத்தம் என்று சொல்லவில்லை. சேவுகப்பெருமாள் அம்பலம் கஞ்சி போட்ட வேட்டியோடு, தோளில் வெள்ளைத் துண்டோடு, மேலத்துறையின் கடைசிப் படிக்கு வந்து, பெருவிரலால் பனியைத் தொட்டு, சுட்டதுபோல் இழுத்துக்கொண்டார். சனம் பார்த்தது. பயந்தவர் என்று பெயர் வாங்கக் கூடாது, உள்ளே விழவும் கூடாது. அம்பலம் கரையைச் சுற்றிக் கண்ணை ஓட்டினார். ஆபத்தான வேலைக்கு யாரைக் கூப்பிடுவது என்பதில் அந்தக் குடும்பம் எந்தத் தலைமுறையிலும் குழம்பியதில்லை.

"எங்கப்பா அந்த அருளப்பன்? அன்னைக்கு முந்தி எறங்கணும்னு துடிச்சானே, இன்னைக்கு எறங்கச் சொல்லு. தாங்குதா பாப்போம்."

மேலத்தெரு சிரித்தது. அந்தச் சிரிப்பில்தான் அவர்கள் தோற்றார்கள். அது அப்போது அவர்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது, ஒரே ஒருத்திக்குத் தெரிந்தது. அருளப்பன் தடியை ஊன்றி முன்னால் நகர்ந்தபோது சவரியம்மாள் அவன் தோளைப் பிடித்து நிறுத்தினாள்.

"நீ இருண்ணே. ஒடைஞ்சுச்சுன்னா நீந்தி வர ஒனக்குக் காலு பத்தாது." பிறகு அம்பலத்தைப் பார்த்து, ஒரு கூலியாள் கேட்கும் பணிவோடு கேட்டாள்: "அய்யா, அண்ணனுக்குப் பதிலா நான் போகவா?"

"எவ போனா என்ன, போத்தா."

"எந்தத் தொறை வழியாய்யா?"

"இந்தா, இப்படியே எறங்கு."

"சனத்துக்குக் கேக்குற மாதிரி ஒருவார்த்தை சொல்லிருங்கய்யா. நாளைக்கு வழுக்கி விழுந்தேன்னு எழுதிருவாக."

அதற்கும் சிரித்தார் அம்பலம். திருவிழாவுக்குக் கட்டியிருந்த ஒலிபெருக்கியின் மைக்கை வாங்கி, கண்மாய்க் கரை முழுவதும் கேட்க அறிவித்தார்: "காலனி சவரியம்மா, மேலத்தொறை வழியா, மொதல்ல எறங்குது! எல்லாரும் பாத்துக்கங்க!"

எல்லாரும் பார்த்துக்கொண்டோம். சூளைச் சூட்டில் வெந்து தடித்த அந்தக் கால்கள் மேலத்துறையின் படிகளில் ஒவ்வொன்றாக இறங்கி, வெள்ளைப் பனியில் பதிந்து, ஒரு கணம் நின்று, பிறகு நடந்தன. கரையில் ஆயிரம் பேர் மூச்சை அடக்கியிருக்க, அவள் தலையில் கல் சுமக்கும் நடையில், இடுப்பு அசையாமல், பாதம் உயர்த்தாமல், தேய்த்துத் தேய்த்து நடந்து, உறைந்த அல்லிகளைத் தாண்டி, மடைமுகத்துக்குப் போய்ச் சேர்ந்தாள். சேர்ந்ததும் இரண்டு காலையும் சேர்த்து ஒரு குதி குதித்தாள். கண்மாய் வெண்கலப் பானைபோல் ஒலித்தது. கரை ஆர்ப்பரித்தது.

"தாங்குது! போதும், வா இங்கிட்டு!" என்றார் அம்பலம்.

"வரலைய்யா."

"ஏன்?"

"மொதக் காலு வச்சவுக மடைமொகத்துல தான நிக்கணும்? நிக்கிறேன். துண்டக் குடுங்க."

தன் குரலையே மைக்கில் இன்னொருதரம் கேட்டதுபோல் அம்பலத்தின் முகம் மாறியது. அவர் கெட்டிக்காரர், சமாளித்தார்: "அது தண்ணியில்லம்மா, ஐஸு. ஐஸுல கால் வச்சா கண்மாயில கால் வச்சதாகாது."

"அப்ப இது கண்மா இல்லீங்களா?" சவரியம்மாள் இடுப்பில் கைவைத்துக்கொண்டாள். "ரொம்ப நல்லது. கண்மா இல்லேன்னா மேலத்தொறையும் இல்ல, கடைக்கோடியும் இல்ல, முந்தியும் இல்ல, பிந்தியும் இல்ல. ஏ, எங்க தெருச் சனமே, எல்லாரும் எறங்கி வாங்க! கண்மாதான்னா, மொதக் காலு நானு. ரெண்டுல எதுன்னு சீக்கிரம் சொல்லுங்கய்யா, எனக்கு உள்ளங்காலு வெறைக்குது."

நான் எத்தனையோ பிரசுரங்கள் படித்தவன். சிறையில் இருந்தபோது, கிழிந்த பக்கங்களைச் சோற்றுப் பசையால் ஒட்டிப் படித்தவன். எதிரியை அவன் வாதத்தாலேயே இரண்டு பக்கமும் அடைப்பது எப்படி என்று தடித்த புத்தகங்களில் தேடியவன். அதை ஒரு செங்கல் சூளைக்காரி, வெறுங்காலோடு பனியில் நின்று, நாலு வரியில் செய்து முடித்தபோது, எனக்குப் பொறாமையில் கண் கலங்கியது, பெருமையில் கலங்கியது என்று சொல்லிக்கொண்டேன்.

அம்பலம் துண்டைத் தோளில் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். வெயில் ஏறியது. வெளியூர்ச் சனத்துக்கு யார் கால் என்பதில் அக்கறை இல்லை. ஊத்தாக்களைத் தரையில் தட்டத் தொடங்கினார்கள். தட்டல் கரை முழுக்கப் பரவி, பறைபோல் ஓங்கியபோது, அம்பலத்தின் மனைவி அழகுமீனாள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள்.

"கட்டிக்குடுத்த ரெண்டு பொம்பளப்பிள்ளைகளும் புளியக் கரைச்சு வச்சுக்கிட்டு ஒக்காந்திருக்குக. நீங்க பொழுது சாயிற வரைக்கும் ஞாயம் பேசுங்க!" என்று அவர் தோளிலிருந்த துண்டை உருவி, சுருட்டி, குனிந்து பனிமேல் வீசினாள். அது வழுக்கிக்கொண்டு போனது. நேராக, நிற்காமல், ஒரு வெள்ளை முயல்போல் ஓடி, சவரியம்மாளின் காலடியில் போய் முட்டி நின்றது.

அவள் எடுத்தாள். உதறினாள். தலைக்கு மேலே ஒரு சுற்றுச் சுற்றி வீசினாள்.

அப்புறம் நடந்ததை எழுத எனக்கு வரி போதாது. ஆயிரம் பேர் ஒரே நேரத்தில் ஓடி இறங்கி, ஒரே நேரத்தில் விழுந்தார்கள். மேலத்தெருவும் காலனியும் வெளியூரும் மல்லாக்கவும் குப்புறவும் சறுக்கி, ஒருவர் வேட்டியை ஒருவர் பிடித்து, ஒருவர்மேல் ஒருவர் ஏறி, அக்கரைவரை ஒரே குவியலாகப் போய்ச் சேர்ந்து, எது யார் கால் என்று தெரியாமல் கிடந்து சிரித்தார்கள். தொட்டால் தீட்டு என்றவர்கள் எழுந்து நிற்பதற்குத் தொட்டுத்தான் ஆகவேண்டியிருந்தது.

எழுந்தவர்கள் ஊத்தாவைக் குத்தினார்கள். ணங் என்றது. கண்மாய் முழுவதும் ணங் ணங் என்று ஒலிக்க, வளையங்கள் நெளிய, ஒரு மீனும் இல்லாமல் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். காலடியில், ஒரு முழம் கனமுள்ள பனிக்குக் கீழே, கண்ணாடிக்குள் தெரிவதுபோல், ஜிலேபியும் கெளுத்தியும் விராலும் நிதானமாகப் போய்வந்துகொண்டிருந்தன. அருளப்பன்தான் கடப்பாரை கொண்டுவரச் சொன்னான். மடைமுகத்தில், தங்கை நின்ற இடத்துக்குப் பக்கத்தில், உட்கார்ந்தபடியே குத்திக் குத்திக் கிணற்று வாளி நுழையும் அளவுக்குத் துளை போட்டான். சவரியம்மாள் நைலான் நூலில் தூண்டில்முள்ளைக் கட்டி, புழுவைக் கோத்து உள்ளே விட்டு, நூலை ஆள்காட்டி விரலில் சுற்றிக்கொண்டு காத்திருந்தாள். ஒரு சுண்டு. இழுத்தாள். பனையேறிக் கெண்டை! அது பனியில் விழுந்ததும், தண்ணீர் இல்லாவிட்டாலும் நடக்கத் தெரிந்த அந்த மீன், செவுளை விரித்து ஊன்றி, அம்பலம் நின்ற கரையை நோக்கி நடக்கத் தொடங்கியது. "பாத்துய்யா, ஒங்களுக்கு வணக்கம் வைக்க வருது!" என்று யாரோ கத்த, கண்மாய் அதிர்ந்தது.

அந்தச் சித்திரை முழுவதும் பனி இருந்தது. தலைக்கு மேலே கத்திரி வெயில், காலுக்குக் கீழே ஐஸ். ஊர் ஒரு வாரத்தில் பழகிக்கொண்டது. காலில் சாக்குக் கட்டிக்கொண்டு நடந்தார்கள். துளை மறுபடி மூடிக்கொள்ளாமல் வைக்கோலைத் திணித்து வைத்தார்கள். உதவாமல் போன ஊத்தாக்களைக் கவிழ்த்துப் போட்டு, மேலே பலகை வைத்து உட்கார்ந்தார்கள். வேர்க்குருப் பிள்ளைகளைத் தாய்மார்கள் கொண்டுவந்து பனியில் உருட்டி எடுத்தார்கள். டீக்கடைக்காரர் பாய்லரை நடுக்கண்மாய்க்கு மாற்றினார், அது கொஞ்சம் கொஞ்சமாகப் பனியை உருக்கி இறங்கியதால் தினம் ஒரு இடத்துக்குத் தள்ளிவைத்தார். எருமைகள் மட்டும் ஒப்புக்கொள்ளவில்லை, கரையில் நின்று கண்மாயைப் பார்த்து முறைத்தன. பார்வையிட வந்த அதிகாரி ஒருவர், கண்மாயை உறையவைக்க முன் அனுமதி வாங்கப்பட்டதா என்று கேட்டார். மறுநாள் குடும்பத்தோடு வந்து தூண்டில் போட்டார்.

ஒன்றைச் சொல்ல வேண்டும். ஊத்தா மீன்பிடிப்பு ஒருவர் கலக்கியதில் இன்னொருவர் துழாவுவது. பனித்தூண்டிலில் அப்படி இல்லை. அவரவர் துளை, அவரவர் நூல், கீழே எல்லாருக்கும் ஒரே தெளிந்த தண்ணீர். சத்தம் போட்டால் மீன் ஓடும் என்பதால், பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்த மேலத்தெருக்காரரும் காலனிக்காரரும் தாழ்ந்த குரலில் பேசிக்கொள்ளப் பழகினார்கள். கெட்ட வார்த்தையைத் தாழ்ந்த குரலில் சொல்வது கஷ்டம். "தோழரே, மாவு உருண்டைக்கு ஜிலேபிதான் வருது, புழுவுக்குத்தான் பனையேறி" என்று என்னிடம் ஒருவர் கிசுகிசுத்தார். அவர்தான் அன்று உடைப்பதற்காக அருளப்பனின் காலைப் பிடித்துக்கொண்டிருந்தவர் என்பது எனக்கு ஞாபகம் இருந்தது, அவருக்கு இல்லை. மடைமுகத்துத் துளை சவரியம்மாளுடையது. தினமும் சூளைக்குப் போய்வந்து அங்கே உட்கார்ந்தாள். குருந்தேந்தலில் அதற்கு முன்னும் பின்னும் இல்லாத அளவுக்கு அந்த மாதம் மீன் கிடைத்தது. ஊர் முழுவதும் ஒரே குழம்பு வாசனை.

வைகாசி பிறந்ததும் கண்மாய் ஒருநாள் முழுக்க முனகியது. சனம் பலகைகளை எடுத்துக்கொண்டு கரையேறியது. மறுநாள் மத்தியானம் தண்ணீர் தண்ணீராகக் கிடந்தது. எருமைகள் இறங்கிப் படுத்துக்கொண்டன. அதே வாரத்தில் மேலத்துறையில் குளித்த காலனிப் பெண்கள்மேல் கல் விழுந்தது. பனி உருகியதோடு எல்லாம் பழைய இடத்துக்குப் போய்விட்டதா என்றால், ஒன்று மட்டும் போகவில்லை, வேறு ஒன்றாக மாறியது. அதைத்தான் நான் எந்தப் பிரசுரத்திலும் படித்திருக்கவில்லை. சவரியம்மா காலு ராசியான காலு என்று மேலத்தெரு பேசத் தொடங்கியது. அவள் கால் வைத்ததால்தான் அத்தனை மீன் என்றார்கள். களத்தில் முதல் கதிர் இறங்குமுன் அவளைக் கூப்பிட்டு ஒரு மிதி மிதிக்கச் சொன்னார்கள். புதிதாகக் கிணறு வெட்டியவர்கள் கூப்பிட்டார்கள். வெற்றிலை பாக்கு வைத்து அழைத்தார்கள், எட்ட நின்று. வாசல் வரைக்கும் ராசி. நிலைப்படிக்கு உள்ளே இல்லை. அவள் வென்ற உரிமையை அவர்கள் ஒரு தாயத்தாக்கிக் கழுத்தில் கட்டிக்கொண்டார்கள். அவள் போகவில்லை. "எங்காலு என்ன குதிரை லாடமா?" என்று திருப்பி அனுப்பினாள்.

அடுத்த சித்திரையில் கண்மாய் உறையவில்லை. முழங்காலுக்கு மேலே சாதாரணத் தண்ணீர். பனி வருஷம் கணக்கில் சேராது என்று ஊர்க்கூட்டத்தில் முடிவுசெய்து, அம்பலம் புதுத் துண்டோடு மேலத்துறையில் இறங்கி, முதல் கால் வைத்து, மடைமுகத்தில் நின்று துண்டை வீசினார்.

ஒருவரும் இறங்கவில்லை.

காலனி இறங்கவில்லை, அது நானும் அவர்களும் பேசி வைத்தது. ஆனால் வெளியூர்ச் சனமும் இறங்கவில்லை, அதற்கு நாங்கள் பேசவில்லை, "அந்தம்மா எங்க? அந்தம்மா கால் வைக்காம மீனு கெடைக்காது" என்றார்கள். மேலத்தெருப் பெண்களே வாயைச் சேலையால் பொத்திக்கொண்டு அதையே சொன்னார்கள். நியாயத்துக்காக அல்ல, மீனுக்காக. அம்பலம் தனியாகத் தண்ணீரில் நின்றார். பிறகு நனைந்த வேட்டியோடு கரையேறி, கூட்டத்தின் ஓரத்தில் அண்ணனோடு நின்ற சவரியம்மாளைப் பார்த்து, மைக்கில் பேசினார்.

"சவரியம்மா, ராசிக்காக, சனம் ஆசைப்படுது, வந்து காலை வச்சுட்டுப் போம்மா."

அவள் அசையவில்லை.

"ஊரே கேக்குது. ராசியான காலு. வாத்தா."

அவள் தன் சேலைத் தலைப்பால் நெற்றியைத் துடைத்துக்கொண்டு, சத்தமாகச் சொன்னாள்: "ராசின்னா வரமாட்டேன். உரிமைன்னு சொல்லுங்க, வாரேன். யார்யாருக்குன்னும் சொல்லுங்க."

கரை கொதித்தது. மேலத்தெரு இளவட்டங்கள் கம்பெடுக்கப் பார்த்தார்கள். வெளியூர்ச் சனம் ஊத்தாவைத் தட்டியது. தட்டல் கரை நெடுக ஓடியது. அருளப்பன் என் கையை இறுகப் பிடித்தான். அம்பலம் கண்மாயைப் பார்த்தார், சனத்தைப் பார்த்தார், அழகுமீனாளைப் பார்த்தார், அவள் வேறுபக்கம் பார்த்தாள். மைக்கை வாய்க்குக் கொண்டுபோனார்.

"கண்மா... எல்லாருக்கும் உரிமை. எந்தத் தொறையும் யாருக்கும்" என்றார், தனக்குள் பேசுகிறவர்போல்.

முப்பது வருஷம் நான் தெருத்தெருவாகக் கத்திய சொல். எதிரியின் வாயில் அது இத்தனை அழகாக இருக்கும் என்று எனக்குத் தெரியாது. கூட்டம் ஆர்ப்பரிக்க வாயைத் திறந்தது. சவரியம்மாள் கையை உயர்த்தி அடக்கினாள். அய்யா என்று அழைக்காமல், தலையை நிமிர்த்தி, அவரை நேராகப் பார்த்துக் கேட்டாள்:

"கேக்கல, அம்பலம். இன்னொருதரம் சொல்லுங்க."

அவர் இன்னொருதரம் சொன்னார்.